பிரிக்காத பாக்கெட்டுக்குள் என்ன இருக்கிறது?

இது நீளமான பதிவு. அவசரமாக இருப்பவர்கள் சேமித்து வைத்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை படியுங்கள்.

போன வாரம் நியூ ஜெர்சியிலிருந்து என் பழைய மாணவர் ஒருவர் அழைத்தார். பத்தாம் வகுப்பில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு, பாடம் முடிந்த பிறகு மட்டும் நல்ல கேள்விகள் கேட்பவர். அவருடைய பையனுக்குப் பேஸ்பால் அட்டைகள் மேல் ஆசையாம். பக்கத்து ஊர் அட்டைச் சந்தையில் 1980-ஆம் ஆண்டு டாப்ஸ் கம்பெனி பாக்கெட் ஒன்றைப் பார்த்திருக்கிறார்கள். இன்னும் பிரிக்காதது. கண்ணாடி போன்ற உறைக்குள் மேலே தெரியும் அட்டை ரிக்கி ஹெண்டர்சனுடையது. விலை அவருடைய மாதச் சம்பளத்தில் கணிசமான பங்கு. "சார், எதற்கெடுத்தாலும் சான்று எங்கே, சான்று எங்கே என்று எங்களை விரட்டுவீர்களே. இது அசலா என்று எப்படிப் பார்ப்பது, சொல்லுங்கள்" என்றார்.

கேள்வி எனக்குப் புதிதல்ல. மகள் வீட்டில் ஆறு மாதம் இருந்தபோது பேரனைக் கூட்டிக்கொண்டு இந்தச் சந்தைகளுக்குப் போயிருக்கிறேன். அவன் அட்டைகளைப் பார்ப்பான், நான் வியாபாரிகளிடம் பேச்சுக் கொடுப்பேன். வந்த பிறகும் இதைப் பற்றிப் படிப்பதை விடவில்லை. போனில் பாதிதான் சொல்ல முடிந்தது. மீதியையும் சேர்த்து, எல்லோருக்குமாக இங்கே எழுதுகிறேன்.

முதலில் இந்த அட்டை என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்கு: சீட்டுக்கட்டு அட்டையைவிடச் சற்றுப் பெரியது. முன்பக்கம் ஆட்டக்காரரின் படம், பின்பக்கம் அவர் அடித்த ஓட்டம், ஆடிய ஆண்டு, பிறந்த ஊர். 1880-களில் அமெரிக்க சிகரெட் கம்பெனிகள் பெட்டிக்குள் இதை வைக்க ஆரம்பித்தன. சிகரெட் நசுங்காமல் இருக்க ஒரு விறைப்பான அட்டை, வாங்குபவரை மறுபடி வரவைக்க ஒரு படம், இரண்டு வேலையும் ஒன்றில் முடிந்தது. அந்தக் காலத்து அட்டைகளுக்கு எண்ணும் பெயரும் கொடுத்து வகைப்படுத்தியவர் ஜெபர்சன் பர்டிக் என்ற தனி மனிதர். மூட்டு வாதத்தால் கைகள் முடங்கிக்கொண்டிருந்த நிலையில், மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட அச்சுத் துண்டுகளை நியூயார்க் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்து, அவரே ஆல்பங்களில் ஒட்டி முடித்தார். கடைசி அட்டையை ஒட்டியது 1963 ஜனவரியில். மார்ச்சில் இறந்துவிட்டார். இவரைப் பற்றித் தனியாகவே ஒரு பதிவு எழுத வேண்டும்.

சிகரெட்டுக்குப் பிறகு பபிள்கம் வந்தது. 1933-ல் பாஸ்டனின் கௌடி கம்பெனி, 1948-ல் பிலடெல்பியாவின் பௌமன், பிறகு புரூக்ளினின் டாப்ஸ். இப்போது வாங்குபவன் சிறுவன். ஒரு சென்ட்டோ ஐந்து சென்ட்டோ கொடுத்துப் பாக்கெட்டை வாங்குவான், கடை வாசலிலேயே கிழிப்பான், கம்மை வாயில் போட்டுக்கொண்டு அட்டைகளைப் புரட்டுவான். பாக்கெட் கிழிக்கப்படுவதற்காகவே செய்யப்பட்டது. அதைக் கிழிக்காமல் நாற்பது வருஷம் வைத்திருப்பான் ஒருவன் என்று செய்தவர்கள் கனவிலும் நினைத்திருக்க மாட்டார்கள். பின்னால் வரும் குழப்பம் முழுவதும் இங்கிருந்துதான் தொடங்குகிறது. ரூபாய் நோட்டு அச்சிடுபவர் கள்ள நோட்டை எதிர்பார்த்துத்தான் அச்சிடுகிறார். பபிள்கம் சுற்றியவர் அப்படி எதையும் எதிர்பார்க்கவில்லை. அந்தப் பாக்கெட்டில் எந்தப் பாதுகாப்புக் குறியும் கிடையாது.

1952-ஆம் வருஷத்து டாப்ஸ் தொகுப்பு இந்தத் துறையின் நடுக்கல் மாதிரி. மொத்தம் 407 அட்டைகள். வடிவமைப்பில் முக்கியமானவர் சை பெர்கர் என்ற ஊழியர். அட்டைகளை ஒரே நேரத்தில் வெளியிடாமல், ஆட்டப் பருவத்தின் போக்கில் பகுதி பகுதியாக விட்டார்கள். 311 முதல் 407 வரையான கடைசிப் பகுதி கடைக்கு வந்தபோது பருவம் முடியும் நேரம், பையன்களின் கவனம் கால்பந்துப் பக்கம் திரும்பிவிட்டது. சரக்கு தேங்கியது. விற்காத பெட்டிகளைப் பல வருஷம் கிடங்கில் வைத்திருந்து, பொருட்காட்சிக்காரர்களிடம் கிடைத்த விலைக்குத் தள்ளப் பார்த்து, கடைசியில் 1960-ல் குப்பைப் படகில் ஏற்றி நியூ ஜெர்சிக் கரைக்கு அப்பால் அட்லாண்டிக் கடலில் கொட்டியதாக பெர்கர் சொல்வார். 2014-ல் இறக்கும் வரை இந்தக் கதையை எத்தனையோ பேட்டிகளில் சொன்னார். வரலாற்று ஆசிரியனாக ஒரு குறிப்பு: இந்தக் கதை பெரும்பாலும் அவர் ஒருவர் வாய்மொழியிலேயே நிற்கிறது. நம்பக்கூடாது என்று சொல்லவில்லை, என்ன வகைச் சான்று என்று தெரிந்துகொண்டு நம்புங்கள்.

அந்தக் கடைசிப் பகுதியின் முதல் அட்டை, எண் 311, மிக்கி மேண்டில். 2022 ஆகஸ்டில் அதன் மிக நல்ல பிரதி ஒன்று 1 கோடியே 26 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. வேடிக்கை என்னவென்றால், மேண்டிலின் முதல் அட்டை அதுவல்ல. 1951-லேயே பௌமன் அவருக்கு அட்டை போட்டுவிட்டது. மேலும் 311-ஆம் எண், தாளில் இரட்டையாக அச்சான அட்டை. அது எப்படி என்று கீழே கணக்குப் பார்க்கும்போது சொல்கிறேன்.

பிரித்த அட்டைக்கே இந்த விலை என்றால் பிரிக்காத பாக்கெட்டுக்கு ஏன் மதிப்பு? உள்ளே கை படாத, முனை மழுங்காத அட்டை இருக்கலாம் என்பது ஒரு காரணம். இன்னொன்று, பழைய பாக்கெட் நாளுக்கு நாள் குறைகிறது. ஆசை தாங்காமல் யாராவது ஒன்றைப் பிரிக்கும்போதெல்லாம் உலகத்தில் ஒன்று குறைகிறது, மிச்சத்தின் விலை ஏறுகிறது. 2024 பிப்ரவரியில் கனடாவின் ரெஜைனா நகரத்து வீடு ஒன்றில் கிடைத்த, பிரிக்காத 1979-80 ஐஸ் ஹாக்கி அட்டைகளின் முழுப் பெட்டி 37 லட்சம் டாலரைத் தாண்டி ஏலத்தில் நின்றது. அதற்குள் 16 சிறு பெட்டிகள், ஒவ்வொன்றிலும் 48 பாக்கெட்டுகள். வேய்ன் கிரெட்ஸ்கியின் முதல் அட்டை இருபது முப்பதாவது உள்ளே இருக்கும் என்பது கணக்கு. கணக்குதான், யாரும் பார்த்ததில்லை.

விலை ஏறும் இடத்துக்கு ஏமாற்றுபவனும் வந்துவிடுவான். அவன் செய்யும் வேலை எளிது. பாக்கெட்டை நோகாமல் பிரிக்கிறான், நட்சத்திர ஆட்டக்காரரின் அட்டையை எடுத்துக்கொள்கிறான், அந்த இடத்தில் சாதாரண அட்டையைச் செருகி மறுபடி ஒட்டி, பிரிக்காதது என்று விற்கிறான். ஒரு பாக்கெட்டில் இரண்டு வருமானம். அட்டை போலி அல்ல, உறை போலி அல்ல, கம் கூட அசல். பொய்யாக இருப்பது ஒன்றுதான்: 'இதை இதுவரை யாரும் திறக்கவில்லை' என்ற கூற்று. நம் கல்வெட்டுத் துறைக்காரர்களுக்கு இது பழகிய சிக்கல். செப்பேடு கைக்கு வந்ததும் அவர்கள் முதலில் எழுதும் குறிப்புகளில் ஒன்று, முத்திரை வளையம் ஏற்கெனவே வெட்டப்பட்டிருந்ததா இல்லையா என்பதுதான். ஏட்டில் எழுதியிருப்பதைப் படிப்பது அதற்குப் பிறகு.

சரி, ஒட்டியதை எப்படிக் கண்டுபிடிப்பது? பாக்கெட்டில் மூன்று வகை உண்டு.

மெழுகுத் தாள் பாக்கெட் பழைய வகை. மெழுகு பூசிய தாளில் அட்டைகளையும் கம்மையும் சுற்றி, பின்பக்கம் மடிப்புகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, சூடான தகட்டில் அழுத்துவார்கள். மெழுகு உருகி, ஆறி, அதுவே பசையாகிவிடும். தனிப் பசை கிடையாது. இதனால்தான் மூன்றிலும் ஏமாற்ற மிக எளிதானது இதுவே. வீட்டு இஸ்திரிப் பெட்டி போதும். ஆனால் இயந்திரம் அழுத்துவது ஒரே அளவுச் சூடு, ஒரே அளவு நேரம், ஒரே இடம். இஸ்திரிப் பெட்டி அப்படி அல்ல. மெழுகு தேவையில்லாத இடத்துக்கும் பரவும், ஓரிடத்தில் பளபளக்கும், இன்னோரிடத்தில் வறண்டு கிடக்கும். பிரித்தபோது தாளின் நார் எழும்பிய இடம் லென்ஸில் வெள்ளையாகத் தெரியும். மடிப்புக் கோட்டைப் பாருங்கள். நாற்பது வருஷம் ஒரே மடிப்பில் கிடந்த தாள் அந்த மடிப்பிலேயே செத்துக் கிடக்கும். மறுபடி மடித்ததில் பழைய கோட்டுக்குப் பக்கத்தில் இன்னொரு கோடு மெலிதாக ஓடும். வேட்டியைச் சலவைக்கடை மடிப்பில் மறுபடி மடித்துப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

சிலர் மெழுகோடு நிற்காமல் துளி பசையும் வைப்பார்கள். அதற்குப் புற ஊதா விளக்கு. வங்கியில் நோட்டுக்கட்டைக் காட்டிப் பார்ப்பார்களே, அதே நீல விளக்கு. இன்றைய பசைகள் பல அந்த ஒளியில் பளிச்சென்று தெரியும். தாளுக்கும் அதே சோதனை உண்டு. தாளை வெள்ளையாகக் காட்டும் ஒளிரும் ரசாயனங்கள் 1940-களின் பிற்பகுதிக்குப் பிறகுதான் காகித ஆலைகளில் பரவின. அதனால் 1933-ஆம் வருஷத்து உறை என்று ஒருவர் நீட்டும் தாள் விளக்கின் கீழ் நிலா மாதிரி ஒளிர்ந்தால் பேச்சு அங்கேயே முடிந்தது. ஆனால் 1980-ஆம் வருஷத்துப் பொருளுக்கு இந்தச் சோதனையால் பயனில்லை. எந்தச் சோதனை எந்தக் காலத்துக்கு என்று தெரியாமல் விளக்கைப் பிடித்துக்கொண்டு திரிபவர்களை அந்தச் சந்தைகளில் நிறையப் பார்த்தேன்.

இரண்டாவது வகை செலோபேன் பாக்கெட். உள்ளே மேலட்டையும் கீழட்டையும் வெளியே தெரியும். மாணவர் பார்த்தது இதுதான். பின்புறம் நீளவாக்கில் ஒரு ஒட்டு, இரண்டு முனைகளிலும் மடித்துச் சூட்டில் ஒட்டிய இடம். வயதான செலோபேன் இறுகி, நொறுங்கும் தன்மைக்கு வந்துவிடும், சின்னச் சின்ன விரிசல் விடும். விரிசலைக் கண்டு பயப்பட வேண்டாம், விரிசலே இல்லாமல் பட்டுப்போல் மினுங்கினால்தான் யோசிக்க வேண்டும். முனை ஒட்டில் இயந்திரத்தின் தடம் இருக்கிறதா, இல்லை கையால் சுட்ட சுருக்கம் இருக்கிறதா என்று அசல் ஒன்றோடு பக்கத்தில் வைத்து ஒப்பிட வேண்டும். ஒப்பிடாமல் தனியாகப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது.

மூன்றாவது, கடையில் கொக்கியில் தொங்கும் மூன்று அறைப் பாக்கெட். மேலே அட்டைத் தலைப்பு, கீழே மூன்று கட்டுகள் பக்கம் பக்கமாக. ஆறு அட்டைகள் வெளியே தெரியும். இதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஒட்டுகள் அதிகம், ஏமாற்றுவது கடினம்.

இனி உறையை விட்டுவிட்டு உள்ளே வருவோம். எனக்கு மிகவும் பிடித்த சான்று கம்தான். ரோஜா நிறத்தில் தட்டையான பலகை போல இருக்கும். மேலே சர்க்கரைத் தூள். வருஷங்கள் போகப் போகக் கம் காய்ந்து ஓடு மாதிரி உடையும், பக்கத்து அட்டையில் எண்ணெய்க் கறை விடும். மறுபக்கம், உறையின் மெழுகு படும் அட்டையில் மெழுகுக் கறை. ஆக ஒரு மெழுகுப் பாக்கெட்டின் அட்டைகளில் எது எங்கே இருந்தது என்பதற்குக் கறைகளே சாட்சி. நடு அட்டையில் மெழுகுக் கறை இருந்து, கடைசி அட்டை துடைத்ததுபோல் இருந்தால் யாரோ சீட்டைக் கலைத்திருக்கிறார்கள். இதில் ஒரே ஒரு சங்கடம். இந்தச் சாட்சியை விசாரிக்கப் பாக்கெட்டைத் திறக்க வேண்டும்.

கம்முக்குச் சட்ட வரலாறும் உண்டு, அது நமக்கு நேரடியாக உதவும். 1950-களின் தொடக்கத்தில் ஆட்டக்காரர்களின் படத்தைக் கம்மோடு விற்கும் உரிமைக்காக பௌமனும் டாப்ஸும் மோதின. பௌமன் தரப்பு அப்போது ஹேலன் லேபரட்டரீஸ் என்று பெயர் மாறியிருந்தது. 1953-ல் நீதிபதி ஜெரோம் பிராங்க் எழுதிய தீர்ப்பில்தான், ஒரு மனிதருக்குத் தன் உருவத்தின் விளம்பர மதிப்பின்மேல் தனி உரிமை உண்டு என்ற கோட்பாடு அமெரிக்கச் சட்டத்தில் பெயரோடு பிறந்தது. 2014-ல் ரஜினிகாந்த் தன் பெயரில் எடுத்த இந்திப் படத்துக்குத் தடை கேட்டுச் சென்னை உயர் நீதிமன்றம் போனாரே, அங்கே பேசப்பட்ட ஆளுமை உரிமை இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். பபிள்கம் அட்டைச் சண்டை எங்கே, சூப்பர் ஸ்டார் எங்கே! 1956-ல் டாப்ஸ் பௌமனையே விலைக்கு வாங்கிவிட்டது.

அதன் பிறகு கால் நூற்றாண்டு டாப்ஸ் வைத்ததே சட்டம். பிளியர் என்ற போட்டிக் கம்பெனி வழக்குப் போட்டு, 1980-ல் கீழ் நீதிமன்றத்தில் ஜெயித்தது. 1981-ல் பிளியரும் டான்ரஸும் கம்மோடு அட்டைகளை இறக்கின. அதே வருஷம் மேல்முறையீட்டில் தீர்ப்புத் தலைகீழானது. அட்டையைத் தனியாகவோ கம்மோடோ விற்கும் உரிமை டாப்ஸுக்கு மட்டும்தான் என்றானது. மற்ற இருவரும் சளைக்கவில்லை. 1982-ல் பிளியர் கம்முக்குப் பதில் அணிச் சின்ன ஸ்டிக்கர் வைத்தது, டான்ரஸ் பேப் ரூத் படத்தைத் துண்டு துண்டாக்கிப் புதிராக வைத்தது. ஆகவே 1981 டான்ரஸ் பாக்கெட்டில் கம் இருக்க வேண்டும், 1984 டான்ரஸ் பாக்கெட்டில் கம் இருக்கக் கூடாது. லென்ஸும் வேண்டாம், விளக்கும் வேண்டாம், வழக்கின் தேதி தெரிந்தால் போதும். டாப்ஸ் தன் பாக்கெட்டில் 1991 வரை கம் வைத்து, 1992-ல் நிறுத்தியது. அட்டைக்குக் கறை பிடிக்கிறது என்று சேகரிப்பவர்கள் புலம்பியதுதான் காரணம். அட்டைக்குத் துணையாக வந்த கம்மா, கம்முக்குத் துணையாக வந்த அட்டையா என்ற கேள்விக்கு அன்றைக்குப் பதில் கிடைத்தது.

இதுபோன்ற காலச் சான்றுகள் இன்னும் சில. கடைப் பொருள்மேல் அச்சிடும் கோட்டுக் குறியீடு முதன்முதலில் கடையில் படிக்கப்பட்டது 1974 ஜூன் 26, ஒஹையோவின் டிராய் ஊரில். அன்று படிக்கப்பட்ட பொருளும் சூயிங்கம் என்பது சுவாரசியம். 1960-களின் உறை என்று சொல்லி அதில் கோட்டுக் குறியீடு இருந்தால் சிரித்துவிட்டு நகருங்கள். உறையில் அச்சான விலையும் பேசும். 1952-ல் ஐந்து சென்ட்டுக்கு வந்த பாக்கெட் 1980-ல் இருபத்தைந்து சென்ட். அதைவிடக் கூர்மையானது இது: டாப்ஸ் 1973 வரை தொகுப்பைப் பகுதி பகுதியாக வெளியிட்டது, 1974-ல்தான் 660 அட்டைகளையும் ஒரே சமயத்தில் விட்டது. ஆகவே 1968-ஆம் வருஷத்துப் பாக்கெட்டில், பருவத் தொடக்கத்து அட்டையும் பருவ முடிவு அட்டையும் ஒன்றாக இருந்தால், இரண்டும் அசலாகவே இருந்தாலும், அவை ஒரே நாளில் ஒரே உறைக்குள் போயிருக்க முடியாது.

இப்போது கணக்கு. பயப்படாதீர்கள், கூட்டல் கழித்தல்தான். அட்டைகளைத் தனித்தனியாக அச்சிடுவதில்லை, பெரிய தாளில் அச்சிட்டு வெட்டுவார்கள். 1952-ல் தாளுக்கு 100 இடம். கடைசிப் பகுதியில் 97 அட்டைகள்தான். மிச்சம் மூன்று இடத்தை வீணாக்காமல் மூன்று அட்டைகளை இரண்டு தடவை அச்சிட்டார்கள்: மேண்டில், ஜாக்கி ராபின்சன், பாபி தாம்சன். அதாவது கோடிக்கணக்கில் விலைபோகும் மேண்டில் அட்டை, பக்கத்திலிருந்த அட்டைகளைவிட இரண்டு மடங்கு அதிகமாக அச்சானது! 1980-ல் தாளுக்கு 132 இடம். ஆறு தாள் என்றால் 792. தொகுப்பில் 726 அட்டைகள். கழித்தால் 66. அந்த 66-ம் இரட்டை அச்சு.

இதனால் என்ன பயன்? வெட்டிய அட்டைகளை இயந்திரம் அடுக்கும்போது தாளில் அவை இருந்த இடத்துக்கு ஏற்ப ஓர் ஒழுங்கு வந்துவிடும். இந்த அட்டைக்குப் பின்னால் அந்த அட்டை, அதற்குப் பின்னால் இன்னொன்று. பாக்கெட்டுகளைப் பிரித்துப் பிரித்து, வரிசையை எழுதி வைத்து, ஒப்பிட்டு, சேகரிப்பவர்கள் பல வருஷங்களின் வரிசைகளைக் கண்டுபிடித்துவிட்டார்கள். சம்பளமில்லாமல் செய்த ஆராய்ச்சி, ஆனால் எந்தப் பல்கலைக்கழகத்து ஆய்வுக்கும் குறைந்ததல்ல என்பது என் அபிப்பிராயம். செலோபேன் பாக்கெட்டில் மேலட்டை, கீழட்டை இரண்டும் தெரியும் அல்லவா? வரிசைப்படி முதல் அட்டைக்குக் கீழே இத்தனையாவது இடத்தில் எது வர வேண்டும் என்று தெரிந்தவர் கீழட்டையைப் பார்த்தே பொருந்துகிறதா என்று சொல்லிவிடுவார். நட்சத்திர அட்டையை மட்டும் வெளியிலிருந்து கொண்டுவந்து மேலே வைத்தவனுக்கு இந்த வரிசை தெரிந்திருக்காது. தெரிந்த திருடனும் உண்டு, ஆனால் அவனுக்கு வேலை பல மடங்கு.

ஹெண்டர்சன் மேலே தெரியும் பாக்கெட்டைப் பற்றி இன்னொன்று யோசியுங்கள். 792 இடத்தில் ஓர் இடம் பிடித்த அட்டை மேலே வருவது சராசரியாக 792 பாக்கெட்டுக்கு ஒன்று. ஆனால் சந்தையில் பார்த்தால் மேலே நட்சத்திரம் தெரியும் பாக்கெட்டுகள் இதைவிட எவ்வளவோ அதிகம். எல்லாம் போலியா? அவசரப்படக் கூடாது. சாதாரண ஆட்டக்காரர் மேலே தெரிந்த பாக்கெட்டை எல்லோரும் பிரித்துவிட்டார்கள், நட்சத்திரம் தெரிந்ததை எடுத்து வைத்தார்கள். எஞ்சியிருப்பது அன்றைய நிலவரத்தின் மாதிரி அல்ல, யாரோ பொறுக்கி வைத்ததன் மாதிரி. கோயில் கல்வெட்டு கிடைக்கிறது, குடிசை கிடைப்பதில்லை என்று வகுப்பில் சொல்வேனே, அதே சங்கதி. ஆக, அதிகமாக இருப்பதாலேயே போலி என்று சொல்ல முடியாது. ஆனால் ஏமாற்றுபவனும் சரியாக இந்த வகையைத்தான் தயாரிப்பான், ஏனென்றால் விலை இதற்குத்தான். அதனால் மற்ற பாக்கெட்டுக்கு ஒரு முறை பார்ப்பதை இதற்கு மூன்று முறை பார்க்க வேண்டும்.

'நிபுணர் சான்று இருக்கிறது சார், பிளாஸ்டிக் பெட்டியில் போட்டு எண் கொடுத்திருக்கிறார்கள்' என்பார்கள். அந்தச் சான்றுக்கு மதிப்பு உண்டு, மறுக்கவில்லை. ஆயிரக்கணக்கில் பார்த்த கண் நம் கண்ணைவிட மேல். ஆனால் சான்று என்பது நன்றாகப் பழகிய ஒருவரின் அபிப்பிராயம். பி.எஸ்.ஏ. என்ற தரம் பிரிக்கும் நிறுவனம் 1991-ல் தொடங்கியது. அது முதன்முதலில் எண் கொடுத்த அட்டை, சிகரெட் காலத்து ஹோனஸ் வாக்னர். ஐஸ் ஹாக்கி கிரெட்ஸ்கி அந்த வருஷம் இன்னொருவரோடு சேர்ந்து 4 லட்சத்து 51 ஆயிரம் டாலருக்கு ஏலத்தில் எடுத்தது அதைத்தான். பத்துக்கு எட்டு மதிப்பெண் கொடுத்தார்கள். 2013-ல் பில் மாஸ்ட்ரோ என்ற பிரபல ஏலக்காரர் சிகாகோ கூட்டாட்சி நீதிமன்றத்தில், அந்த அட்டையின் ஓரத்தை வெட்டி நேர்த்தியாக்கியது தான்தான் என்று ஒப்புக்கொண்டார். ஏல மோசடிக்காக அவருக்கு 20 மாதம் சிறை கிடைத்தது.

அதைவிடப் பெரிய கூத்து 2022 ஜனவரியில். லோகன் பால் என்ற யூடியூப் பிரபலம், பிரிக்காத முதல் பதிப்பு போக்கிமான் அட்டைப் பெட்டி என்று 35 லட்சம் டாலர் கொடுத்து வாங்கியிருந்தார். நிபுணர்கள் பார்த்து, சரி என்று சொன்ன பெட்டி. ஒட்டுச்சீட்டைப் படத்தில் பார்த்த ரசிகர்கள் சந்தேகம் கிளப்பினார்கள். சான்று சொன்னவர்கள் முன்னிலையிலேயே திறந்தார்கள். உள்ளே இருந்தவை ஜி.ஐ. ஜோ அட்டைகள். வெளி அட்டைப்பெட்டியை மட்டும் பார்த்து உள்ளே இருப்பதற்குச் சாட்சி சொன்னால் இதுதான் நடக்கும்.

திறந்தால் உண்மை தெரியும், மதிப்பு போகும். திறக்காவிட்டால் மதிப்பு இருக்கும், உண்மை தெரியாது. பல வருஷம் இந்த வியாபாரம் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் நடந்தது. 2024-ல் அதற்கும் ஒரு வழி வந்துவிட்டது. இயந்திர பாகங்களைச் சோதிக்கும் அமெரிக்க நிறுவனம் ஒன்று, ஆஸ்பத்திரியில் தலைக்கு எடுப்பதுபோல, பாக்கெட்டுக்கு சி.டி. ஸ்கேன் எடுத்து, பிரிக்காமலே உள்ளே எந்த அட்டை என்று சொல்ல ஆரம்பித்தது. நல்லதுதானே என்று தோன்றும். யோசித்துப் பாருங்கள். ஒட்டு அசல், மெழுகு அசல், வரிசை அசல், கம் அசல், ஒருவர் கையும் பட்டதில்லை. ஆனால் விற்பவருக்கு உள்ளே ஒன்றுமில்லை என்று ஏற்கெனவே தெரியும். அந்தப் பாக்கெட் பிரிக்காததா, பிரித்ததா? உறையில் எந்தத் தடயமும் இருக்காது. இதற்கு லென்ஸ் உதவாது. செலோபேன் பாக்கெட் வாங்குபவருக்கு மட்டும் ஓர் ஆறுதல்: அவர் காசு கொடுப்பது பெரும்பாலும் வெளியே தெரியும் அட்டைக்கு.

மாணவருக்கு நான் சொன்னது இவ்வளவுதான். தம்பி, பாக்கெட்டைப் பார்ப்பதற்கு முன் விற்பவரைப் பார். எங்கே வாங்கினார், யாரிடம், முழுப் பெட்டியிலிருந்து எடுத்ததா, அதே பெட்டியின் மற்ற பாக்கெட்டுகள் எங்கே என்று கேள். 'ஒரு பாட்டி வீட்டுப் பரணில் கிடைத்தது' என்பது கதை, ரசீது அல்ல. பக்கத்தில் வைத்து ஒப்பிட அதே வருஷத்து மலிவான செலோபேன் பாக்கெட் ஒன்றை, சாதாரண ஆட்டக்காரர் மேலே தெரிவதாகப் பார்த்து, தெரிந்த கடையில் வாங்கு. முனை ஒட்டுகள் இரண்டையும் செல்போனில் பெரிதாகப் படம் எடு. கீழட்டையின் எண்ணைக் குறித்துக்கொண்டு வந்து வரிசையோடு பார். இதற்கெல்லாம் அவகாசம் தராமல் 'இன்றே எடுத்தால் இந்த விலை' என்று அவசரப்படுத்தினால் வந்துவிடு.

ஒப்பிட வாங்கிய அந்த மலிவுப் பாக்கெட்டைப் பையனிடம் கொடுத்துவிடச் சொன்னேன். அவன் பிரிக்கட்டும். கம்மை மட்டும் வாயில் போடவிடாதே என்றேன், அதற்கு நாற்பது வயதுக்கு மேல் ஆகிறது.